மலைக்குப் பின்னால் டவர்

வருசநாட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் என் அத்தை வீடு. அந்த வீட்டில் செல்போன் எப்போதும் வடக்குச் சன்னல் கம்பியில் ஒரு மஞ்சப்பைக்குள் தொங்கும். மணி அடித்தால் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, பையை அவிழ்க்காமல் அப்படியே காதில் வைத்துப் பேசுவார். ஒருமுறை நான் பேச்சு மும்முரத்தில் திண்ணைப் பக்கம் நகர்ந்துவிட்டேன். "அங்கிட்டு நகராதப்பா, கட்டாயிரும்" என்று அத்தை சொல்லி முடிக்கும் முன்பே கட்டாகிவிட்டது.

இது அந்த ஒரு வீட்டுச் சங்கதி இல்லை. மயிலாடும்பாறையைத் தாண்டி மேலே போகப் போக, ஒவ்வொரு ஊரிலும் டவர் எடுக்கிற கல், டவர் எடுக்கிற புளியமரம், டவர் எடுக்கிற மேட்டுத் திட்டு என்று இடங்கள் இருக்கின்றன. பேங்க் ஓடிபிக்காக வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை வருபவர்கள் இருக்கிறார்கள். ஊரடங்குக் காலத்தில் பிள்ளைகள் பாடம் கேட்க மேடு தேடிப் போனார்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் மிஷினுக்கு சிக்னல் வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் செயலி வழியாகத்தான் வருகைப் பதிவு என்றார்கள், அதற்கும் வேண்டும். பேசுவதற்கு மட்டும் இருந்த காலத்தில் சிக்னல் ஒரு வசதியாக இருந்தது. இப்போது அது அரிசியோடும் கூலியோடும் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே டவர் ஏன் எடுக்கவில்லை என்பதை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் பலரும் ஃபோனை மாற்றுகிறார்கள், சிம்மை மாற்றுகிறார்கள், காசைத் தொலைக்கிறார்கள். குற்றம் பல நேரம் ஃபோனிலும் இல்லை, சிம்மிலும் இல்லை. டவருக்கும் நமக்கும் நடுவில் நிற்பதில் இருக்கிறது.

முதலில் அத்தையின் சன்னல் கம்பி. ஒரு கம்பியில் கிடைப்பது ஓரடி தள்ளினால் ஏன் கிடைப்பதில்லை?

டவரிலிருந்து வரும் ரேடியோ அலை நேராக மட்டும் வருவதில்லை. எதிர்ச் சரிவுப் பாறையில் மோதி ஒன்று வரும், பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் பட்டு இன்னொன்று வரும். கம்மாயில் ரெண்டு கல்லை அடுத்தடுத்துப் போட்டால் வளையங்கள் ஒன்றோடொன்று கலக்குமே, அதுபோல இவை கலக்கின்றன. இரண்டு அலைகளின் மேடுகள் சேரும் இடத்தில் சிக்னல் ஓங்குகிறது. ஒன்றின் மேட்டில் மற்றதன் பள்ளம் வந்து விழும் இடத்தில் அது ஏறக்குறைய அழிந்தே போகிறது. இந்த ஓங்கலும் அழிவும் மாறி மாறி வருகிற தூரம், அலையின் நீளத்தில் சுமார் பாதி. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சாணுக்கும் குறைவான நகர்வில் நல்ல இடம் கெட்ட இடமாகிவிடலாம். சிக்னல் தாராளமாக இருக்கும் ஊரில் இந்த ஏற்ற இறக்கம் யாருக்கும் தெரியாது, பள்ளத்திலும் தேவைக்கு மேல் இருக்கும். சிக்னல் விளிம்பில் வாழும் ஊரில் அதுவே எல்லாவற்றையும் முடிவு செய்யும். அத்தை எந்தக் கருவியும் இல்லாமல் பல மாதம் சோதித்துக் கண்டுபிடித்த இடம் அந்தக் கம்பி.

வடக்குச் சன்னல் ஏன் என்பதற்கு நிலத்தைப் பார்க்க வேண்டும். வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்கு மேற்கே மேகமலைத் தொடர், கிழக்கே ஆண்டிபட்டி மலை, தெற்கே வைகை பிறக்கிற வெள்ளிமலைக் காடு. மூன்று பக்கமும் சுவர். மூல வைகை வடக்கு நோக்கி இறங்குகிறது, கடமலைக்குண்டு பக்கம்தான் நிலம் வாய் திறக்கிறது. தண்ணீர் வெளியே போகிற அதே வாசல் வழியாகத்தான் அடிவாரத்து வீடுகளுக்கு அலை உள்ளே வருகிறது. மேகமலைக்கு அந்தப் பக்கம் கம்பம், சின்னமனூரில் எத்தனை டவர் இருந்தாலும் அவற்றுக்கும் இந்தப் பக்கத்துக்கும் உறவில்லை. மலை வெயிலுக்கு நிழல் தருவதுபோல ரேடியோவுக்கும் நிழல் தரும்.

ஆனால் அந்த நிழல் முழு இருட்டில்லை. அலை, மலை முகட்டின் விளிம்பில் பட்டுக் கொஞ்சம் கீழே வளைந்து இறங்கும். எவ்வளவு வளையும் என்பது அலையின் நீளத்தைப் பொறுத்தது. 700 மெகாஹெர்ட்ஸ் அலை 43 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழம். 1800 மெகாஹெர்ட்ஸ் அலை 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. 5ஜிக்குப் பெரும்பாலும் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் எட்டரை சென்டிமீட்டர், நாலு விரல் அகலத்துக்குச் சற்று கூடுதல். முழ அலை முகட்டைச் சுற்றி இறங்கும், மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். விரல் அலை எதிரில் எது நின்றாலும் முடங்கும். ஆனால் கூட்டமான நகரத்தில் நிறைய டேட்டாவை வாரிக் கொடுப்பது பெரும்பாலும் அந்தக் குட்டை அலைகள்தான். நகரத்துக்கு நல்லது மலைக்கு உதவாது. தேனி பஸ் ஸ்டாண்டில் பறக்கிற 5ஜியைப் பார்த்து மலையூருக்கு 5ஜி ஃபோன் வாங்கிப் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஃபோன் திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். மூன்று கோடு என்றால் எவ்வளவு என்பதை ஒவ்வொரு கம்பெனி ஃபோனும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது. உண்மையான அளவு செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அபௌட் ஃபோன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற இடத்தில் மைனஸ் 95 டிபிஎம் என்பதுபோல ஓர் எண் இருக்கும். மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட சிக்னல் குறைவு. 3 கூடினால் பாதி, 10 கூடினால் பத்தில் ஒரு பங்கு. 4ஜியில் மைனஸ் 80 என்றால் அருமை. மைனஸ் 100 வரை சமாளிக்கலாம். மைனஸ் 110-ஐத் தாண்டினால் திணறும், மைனஸ் 120 அருகே உயிர் போகும். மைனஸ் 110 என்பது ஒரு வாட்டைக் கோடி கோடியால் வகுத்தால் வருகிற அளவு. அவ்வளவு மெல்லியதைப் பிடித்து அதிலிருந்து மனிதக் குரலைப் பிரித்தெடுக்கிறது கையளவுக் கருவி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். நான் வருசநாட்டில் ஓர் இலவம்பஞ்சு கிட்டங்கியில் அப்படிச் செய்து பார்த்தேன். வாசலில் மைனஸ் 98. தகரக் கூரைக்குக் கீழே பத்தடி உள்ளே போனதும் மைனஸ் 113. பதினைந்து டிபி போனது, அதாவது முப்பதில் ஒரு பங்குதான் உள்ளே வந்தது. உலோகத் தகடு அலையைத் திருப்பி அடித்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் பெருமளவு தின்றுவிடும். பழைய ஓட்டு வீட்டுக்குள் டவர் எடுக்கிறது, புதிதாகக் கட்டிய மச்சு வீட்டுக்குள் எடுக்கவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். இலைக்கும் பங்கு உண்டு. ஈரமான இலை அலையை உறிஞ்சும். இலவ மரம் கோடையில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும்போது தோப்புக்குள் கிடைத்த சிக்னல், ஐப்பசி மழைக்குப் பிறகு குறைந்தால் ஃபோனைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மழை என்றதும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். மஞ்சு இறங்கினால் டவர் போய்விடும் என்பார்கள். செல்போன் அலையை மஞ்சும் மழையும் நேரடியாக ஒன்றும் செய்துவிடுவதில்லை, அலையின் நீளத்துக்கு முன்னால் துளி மிகச் சிறியது. மழையில் டவர் போவதற்குக் காரணம் வேறு. ஃபைபர் போகாத மலையூர்களில் ஒரு டவர் இன்னொரு டவரோடு வட்டத் தட்டு போன்ற ஆன்டெனா வழியாகப் பேசுகிறது. அந்த அலைகள் ஓரிரு சென்டிமீட்டர் நீளம்தான். அவற்றைக் கனமழை நன்றாகவே மங்கவைக்கும். அப்போது நம் ஃபோனில் கோடு முழுசாகத் தெரியும், ஆனால் கால் போகாது, நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். டவர் நம்மோடு பேசுகிறது, டவருக்கும் உலகத்துக்கும்தான் தொடர்பு அறுந்துவிட்டது. ரோடு அகலப்படுத்த பொக்லைன் தோண்டி ஃபைபரை அறுத்தாலும் இதே கதை. கரண்டு போய், பேட்டரியும் தீர்ந்து, டீசல் போட ஆள் வரவில்லை என்றால் கோடே இருக்காது.

கோடு இருந்தும் பேச முடியாமல் போவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று கூட்டம். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், டவர் கண்ணெதிரே நிற்கும், ஒரு மெசேஜ் போகாது. ஒரு டவரின் கொள்ளளவை எத்தனை பேர் பங்கு போடுவது?

மற்றது மலையூர்க்காரர்கள் அவசியம் அறிய வேண்டியது. திரையில் தெரியும் கோடு, டவர் பேசுவது நம் ஃபோனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. நம் ஃபோன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்று அது சொல்லாது. டவர் பல பத்து வாட் சக்தியோடு பேசுகிறது. 4ஜி ஃபோனால் அதிகபட்சம் 0.2 வாட்தான் முடியும். பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து ஒருவர் மைக் வைத்துக் கூப்பிடுகிறார், அந்தக் கரையில் இருப்பவர் வெறும் வாயால் பதில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இவர் குரல் கேட்கும், இவருக்கு அவர் குரல் எட்டாது. பழைய பட்டன் ஃபோன் 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜியில் உச்சமாக 2 வாட் வரை குரல் கொடுக்கக்கூடியது. காட்டுக்குப் போகும்போது இன்றும் சிலர் பட்டன் ஃபோனை எடுத்துப் போவதற்கு இது ஒரு காரணம். டவர் அரைகுறையாக எட்டும் இடத்தில் பேட்டரி வேகமாகத் தீர்வதும் இதனால்தான். ஃபோன் தன் முழுப் பலத்தோடு கத்திக்கொண்டே இருக்கிறது.

எந்த கம்பெனி சிம் நல்லது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை, யாரிடமும் இருக்க முடியாது. ஊருக்கு ஊர் மாறும், ஒரே ஊரில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் மாறும். ஊரில் நிற்கிற டவர் பெரும்பாலும் எந்த செல்போன் கம்பெனிக்கும் நேரடியாகச் சொந்தமானதுகூட இல்லை. இண்டஸ் டவர்ஸ் போன்ற நிறுவனங்கள் கம்பத்தை நட்டு வாடகைக்கு விடுகின்றன. ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று கம்பெனி ஆன்டெனாக்கள் இருக்கலாம், ஒன்றே ஒன்றும் இருக்கலாம். "டவர் எங்க ஊர்லயே நிக்குது, என் சிம்முக்கு எடுக்கல" என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. ஆன்டெனாவுக்கு முகமும் உண்டு. வழக்கமாக மூன்று திசைக்கு மூன்று முகம் வைத்து, கீழ்நோக்கிச் சற்றே சாய்த்திருப்பார்கள். ரோட்டையும் கடைத்தெருவையும் பார்த்துத் திருப்பிய முகம், மேலே சரிவில் இருக்கும் பத்து வீட்டைப் பார்க்காது.

வாடகை டவர் என்பதன் பொருளைத் தமிழ்நாடு 2018-இல் பட்டு உணர்ந்தது. 1999-இல் இங்கே தொடங்கிய ஏர்செல், கிராமங்களில் வீட்டுக்கு வீடு இருந்த சிம். கடன் ஏறி, டவர் நிறுவனங்களுக்குப் பணம் தருவதில் தகராறு வந்து, 2018 பிப்ரவரியில் டவர்கள் அணைந்தன. லட்சக்கணக்கான ஃபோன்கள் ஒரே நாளில் ஊமையாயின. வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்றலாம் என்றால் அதற்கான குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டும், எஸ்எம்எஸ் வருவதற்கு டவர் இல்லை. பேங்க், ஆதார், கேஸ் எல்லாவற்றிலும் அந்த நம்பரைக் கொடுத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். அந்த மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. அன்றிலிருந்து நான் வீட்டில் எல்லோருக்கும் சொல்வது: இரண்டு சிம் வைத்தால் இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும், வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் ஒரே சிம் வைக்க வேண்டாம்.

இன்றைய நிலவரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. 2016-இல் தொடங்கியபோதே 4ஜி மட்டும்தான், ஃபோனில் 4ஜி வழியே பேச உதவும் வோல்டி அணைந்திருந்தால் கால் பேச முடியாது. ஏர்டெல்லும் வியும் 2ஜியை வைத்திருக்கின்றன. 4ஜி தடுமாறும் இடத்தில் ஃபோனை 2ஜிக்கு மாற்றினால் பேச்சாவது நிற்கும். பி.எஸ்.என்.எல். உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி கருவிகளை நாடு முழுவதும் நிறுவி 2025 செப்டம்பர் 27-இல் முறைப்படித் தொடங்கியது. அதில் 700 மெகாஹெர்ட்ஸும் உண்டு, மலைக்கு ஏற்ற அந்த முழ அலை. ஆனால் பழைய 3ஜி சிம்மை மாற்றாமல் அது வராது, சில பழைய ஃபோன்களுக்கு அந்த அலைவரிசையே தெரியாது. பி.எஸ்.என்.எல். சரியில்லை என்று தூக்கிப்போடும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டுப் பக்கம் கேரள டவர்கள் உயரத்தில் நிற்கின்றன. இடையில் மறைப்பு எதுவும் இல்லாததால் அடிவாரத்து ஃபோன் சில நேரம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். தொலைத்தொடர்புக் கணக்கில் நாடு 22 வட்டங்கள், கேரளம் வேறு வட்டம். அங்கே தாவிய நொடியில் நாம் ரோமிங்கில் இருக்கிறோம். டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்திருந்தால் வீட்டுக்குள்ளேயே நெட் நின்றுவிடும். அதைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

டவர் போனால் முதலில் பக்கத்து வீட்டில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவருக்கும் இல்லை என்றால் உங்கள் ஃபோனை விட்டுவிடுங்கள், கோளாறு வெளியே. அவருக்கு இருந்தால் ஏரோபிளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுங்கள், ஃபோன் புதிதாக டவரைத் தேடிப் பதிந்துகொள்ளும். அதிலும் வராவிட்டால் சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் குறை உங்கள் ஃபோனில், செய்யாவிட்டால் சிம்மில். திரையில் அவசர அழைப்பு மட்டும் என்று வந்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனி டவர் அங்கே இல்லை, வேறு யாருடைய டவரோ எட்டுகிறது என்று பெரும்பாலும் அதற்குப் பொருள். அந்த நிலையில் 112-ஐ அழைத்துப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் வழியாகவும் அந்த அழைப்பு போகக்கூடும். எந்தக் கம்பெனி அங்கே எடுக்கிறது என்று அக்கம்பக்கத்தில் அளந்து பார்த்த பிறகு, அதே நம்பரோடு கம்பெனி மாற 1900 என்ற எண்ணுக்கு போர்ட் மெசேஜ் அனுப்புங்கள். ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கைப் போடுங்கள், டவரே இல்லாத அறையிலும் சாதாரண கால் பேசலாம்.

பூஸ்டர் என்று விற்கும் பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம். அது உங்கள் குரலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கி டவரை நோக்கி அடிக்கும். டவரின் காது அடைபடும், ஊரில் மற்றவர்களின் மெல்லிய குரல் அதற்குக் கேட்காமல் போகும். ஒரு வீட்டுக்கு வெளிச்சம் வர ஊருக்கு இருட்டு. இது கூடாது.

இதெல்லாம் ஓரளவாவது அலை வந்து சேரும் ஊர்களுக்கு. அரசரடி, இந்திரா நகர், பொம்மராஜபுரம் என்று காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு எந்தச் சன்னல் கம்பியும் போதாது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்தக் காட்டில் எது நடுவதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, வைகை அங்கேதான் பிறக்கிறது. ஆனால் பிரசவ வலி வந்த பெண்ணுக்கு 108-ஐக் கூப்பிட வழி இருக்க வேண்டும் என்பதிலும் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பள்ளி, மருந்தகம், ரேஷன் கடை ஆகியவற்றோடு மின்சார, தொலைத்தொடர்புத் தடங்களுக்கும் கிராம சபையின் பரிந்துரையோடு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. டவர் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-இல் ஒப்புதல் அளித்தது. அரசு நிதியில் நிறுவிய டவர்களை ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்கள் மூவரும் பயன்படுத்தும் வசதி 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. சட்டமும் பணமும் வழிமுறையும் தாளில் இருக்கின்றன.

எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதி செய்தது. அதைத் திறந்து உங்கள் ஊரைப் பாருங்கள். பச்சை பூசிய இடத்தில் உங்கள் ஃபோன் மைனஸ் 118 காட்டினால் அந்த எண்ணை எழுதி வையுங்கள். இடம், தேதி, நேரம், கம்பெனி, டிபிஎம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் 198-இல் புகாரைப் பதிந்து எண்ணை வாங்குங்கள், தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுக்குப் போங்கள். தனி ஆள் புகாரை டிராய் எடுக்காது. ஆனால் ஊரே சேர்ந்து அளந்த நோட்டுக்குக் கனம் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை கூடும். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அதைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.